தேனாம்பேட்டையில் ஒரு தையற்கூடம்

சென்னையில் ஆடை என்றதும் எவருடைய நினைவும் பனகல் பூங்காவைச் சுற்றியுள்ள ஜவுளி மாளிகைகளின்மேல்தான் செல்லும். 1928-இல் நல்லி சின்னசாமி செட்டியார் தியாகராய நகரில் கடை தொடங்கிய காலமுதல் அப்பிரதேசத்துக்கு வாய்த்த கீர்த்தி அது. அங்கே விற்கப்படும் துணி உடையாக உருவம் கொள்ளும் இடங்களோ பெரும்பாலும் வேறெங்கோ, பெயர்ப்பலகைகூட இல்லாத மாடியறைகளில் ஒதுங்கியிருக்கின்றன. தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் அத்தகைய தையற்கூடம் ஒன்றுக்குச் சென்றுவரும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைத்தது. தரமணியிலுள்ள தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியில் நான்கு வருஷம் பயின்று, திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் சிறிது காலம் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொழில் தொடங்கியிருக்கும் ஓர் இளம்பெண் அதை நடத்துகிறாள்.

கூடம் என்பது இரண்டு அறைகள். முன்னறையில் நீண்ட வெட்டுமேஜை, மூன்று தையல் மெஷின்கள், ஓர் ஓவர்லாக் மெஷின். பின்னறையில் தரையோடு தாழ்வாக அமைந்த மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டுத்துணி, அதைச் சுற்றிச் சம்மணமிட்ட நான்கு ஆரி வேலைக்காரர்கள். சுவரில் அந்தப் பெண் வரைந்த சித்திரங்கள் ஒட்டப்பட்டிருந்தன. அவற்றை நான் சிலாகித்தபோது அவள், "வரையறது சுலபம் சார். காலேஜ் முடிச்சு வந்தப்போ எனக்கு வரைய மட்டும்தான் தெரியும். துணி எப்படி விழும்னு மாஸ்டர்தான் சொல்லிக் கொடுத்தார்" என்றாள். அடக்கத்துக்காகச் சொல்லும் வார்த்தையாக எனக்கு அது படவில்லை. அன்று பிற்பகல் முழுவதும் நான் கண்டது அதன் விளக்கமாகவே இருந்தது.

மாஸ்டர் என்று அவள் குறிப்பிட்டவர் வெட்டுமேஜையின் அதிபதி. சிறு வயதில் காஜா எடுக்கும் பையனாகத் தொழிலில் நுழைந்து, கோடம்பாக்கத்துச் சினிமா ஸ்டூடியோக்களின் உடைப் பிரிவில் பல வருஷம் உழைத்து, ஒரே இரவில் கோஷ்டி நடனத்துக்கு வேண்டிய உடைகள் அனைத்தையும் வெட்டித் தள்ளிய அனுபவசாலி. கல்லூரியில் காகிதத்தில் வடிவம் வெட்டி, அதைக் காடாத் துணியில் ஒருமுறை தைத்துப் பார்த்து, பிறகே உண்மைத் துணியில் கத்தரி வைக்கக் கற்பிக்கிறார்கள். மாஸ்டரோ நேராகத் துணியை மடித்து, உள்ளங்கையால் ஒருமுறை நீவி, பாவு நூலின் ஓட்டம் எப்படிப் போகிறதென்று பார்த்து, சாக்கட்டியால் நாலு கோடு கிழித்து வெட்டிவிடுகிறார். பருத்தியானால் முதல்நாள் இரவே தண்ணீரில் ஊறவைத்துச் சுருங்கவிட்டாக வேண்டுமென்பதும், கிராஸில் வெட்டிய துண்டை ஓர் இரவு தொங்கவிட்ட பிறகுதான் கீழ்விளிம்பை மடிக்கவேண்டும் என்பதும் அவருடைய சட்டங்கள். "துணி தன் எடையில இறங்கணும்மா. இறங்கறதுக்கு முன்னாடி மடிச்சா, உடுத்தின பிறகு இறங்கும்" என்று அவர் அவளிடம் சொன்னதை நான் நின்று கேட்டேன்.

இப்பெண்ணுக்குப் பெயர் வாங்கித் தந்த முதல் காரியம் நாட்டிய நாடகம் ஒன்றின் உடைகள். இந்நகரில் அவ்வகை உடைக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1935 டிசம்பர் 30-ஆம் தேதி, அடையாறு பிரம்மஞான சபையின் வைர விழாவில் ருக்மிணி தேவி முதன்முதலாகப் பரதநாட்டியம் ஆடியபோது அவருக்கு வயது 31. அதுவரை வழக்கிலிருந்த நாட்டிய உடையை விடுத்து, கோயிற் சிற்பங்களைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, தைத்து அணியும் புதிய உடையை அவர் கற்பனை செய்தார்; அதை ஊசியிலும் நூலிலும் நிறைவேற்றத் துணைநின்றவர் மேடம் கஸான் என்ற இத்தாலியத் தையற்கார அம்மையார். இரண்டு வருஷம் கழித்து, 1937-இல், கலாக்ஷேத்திரத்தில் நெசவுப் பிரிவையும் ருக்மிணி தேவி தொடங்கினார். மங்கிப்போன பழைய புடைவைகளின் கரைகளும் வர்ணச் சேர்க்கைகளும் அங்கே மறுபடி தறியேறின. அவரை நாட்டியத்தின் பெயரால் அறிந்த உலகம், ஆடையைச் சிந்தித்த ஒரு சிருஷ்டிகர்த்தாவாக அவரைப் போதுமான அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்பது என் அபிப்பிராயம். கஸான் அம்மையாரையோ நாட்டிய சரித்திரம் எழுதியவர்களைத் தவிர யாரும் அறியார்.

பட்டுப் புடைவையை நாட்டிய உடையாக மாற்றுவது சாமானியமான வேலையன்று. காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடைவையில் உடலும் கரையும் வெவ்வேறு நாடாக்களால் நெய்யப்பட்டுத் தறியிலேயே இணைபவை. இரண்டு ஆட்கள் கூடி உட்கார்ந்தால்தான் அந்நெசவு நடக்கும். பத்து நாளுக்கும் மேலாக நெய்யப்பட்ட அப்புடைவையின் முந்தானை முன்புற விசிறியாகவும், கரை அதன் மடிப்புகளின் ஓரமாகவும், மிச்சம் ரவிக்கையாகவும் மேலாக்காகவும் வரவேண்டும். ஓரிடத்தில் கத்தரி பிசகினால் நெசவாளியின் அத்தனை நாள் உழைப்பும் வீண். இந்த வேலைக்கு அந்தப் பெண் போட்ட சித்திரத்தில் விசிறி மிக அகலமாக இருந்ததாம். ஆடுகிறவள் அரைமண்டியில் அமரும்போது விசிறி விரிந்து நிற்குமே தவிர, எழும்போது மடிந்து திரும்பாது என்று மாஸ்டர் சொல்லிவிட்டாராம். அவள் இரண்டு நாள் வாதாடி, பிறகு காடாத் துணியில் தைத்து, ஒரு நடனமாதை உடுத்தி ஆடச்செய்து பார்த்து, மாஸ்டர் சொன்ன அகலத்தையே ஏற்றாள். வாதாடியதும் ஏற்றதும் இரண்டுமே அவளுக்குக் கௌரவம் தருவன.

பின்னறையில் நான் அதிக நேரம் செலவிட்டேன். அங்கிருந்த நால்வரில் மூவர் ஜரிகைப்பூ வேலைக்குப் பேர்போன வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்திலிருந்து வந்தவர்கள், ஒருவர் ராயப்பேட்டைக்காரர். சித்திரத்தைப் பட்டர் பேப்பரில் பிரதி எடுத்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் அதை விரித்து, மண்ணெண்ணெயில் குழைத்த வெள்ளைப் பொடியைத் துணிப்பந்தால் தேய்த்தால், பூவும் கொடியும் புள்ளிகளாகத் துணியில் இறங்குகின்றன. பிறகு வலக்கை மேலேயும் இடக்கை கீழேயுமாக வேலை நடக்கிறது: கீழிருந்து இடக்கை கொடுக்கும் நூலை, கொக்கி முனையுள்ள ஆரி ஊசி மேலே இழுத்துச் சங்கிலி போடுகிறது. இடக்கையைக் கண் காண்பதில்லை, விரல்தான் காண்கிறது. ராயப்பேட்டை பாய் பேசிக்கொண்டே சமிக்கி தைத்தார். ஒரு தடவைகூடக் கை நிற்கவில்லை. கல்யாண ரவிக்கை ஒன்றின் கைக்கும் கழுத்துக்கும் பூவேலை முடிய இருவர் பல நாள் குனிந்திருக்க வேண்டும். முதுகும் கண்ணும் நாற்பது வயதுக்குள் தளர்ந்துவிடுவதாக அவர் சொன்னபோது, அவருடைய குரலில் முறையீடு இல்லை. எனக்குத்தான் அதைக் கேட்கப் பொறுக்கவில்லை. மத்தியானத்துக்குமேல் வெளிச்சம் போய்விடும் அந்த அறைக்குப் பெரிய ஜன்னல் உள்ள இடம் தேடிக்கொண்டிருப்பதாக அந்தப் பெண் சொன்னாள். இப்பேட்டையின் வாடகையில் அது எப்போது கைகூடுமோ!

அவள் இப்போது முழு மனத்தையும் செலுத்தியிருப்பது கட்டம் போட்ட கைத்தறிப் பருத்தியில். சாயம் ஓடும் மதராஸ் கட்டத் துணியின் கதை பலருக்கும் தெரிந்திருக்கும்: 1958-இல் ஜேக்கப்ஸன் என்ற அமெரிக்க இறக்குமதி வியாபாரி, பிற்காலத்தில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயரிடமிருந்து இத்துணியை வாங்கினார். துவைக்கும் முறை பற்றிய எச்சரிக்கை இல்லாமல் அது ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் விலைபோய், வாங்கியவர்கள் சாயம் போகிறதென்று சண்டைக்கு வர, விளம்பரக்காரர்கள் அக்குறையையே குணமாக்கி, சாயம் ஓடுவதற்கு உத்தரவாதம் அளித்து விற்றுவிட்டார்கள். நம் ஊரின் பெயர் தாங்கிய துணி உலக நாகரிகத்தில் இடம்பெற்ற அக்காலத்தில், அதை நெய்தவர் எவரென்று யாரும் கேட்கவில்லை. இவள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கைலித் தறிகளில் கட்டத்தின் அளவை மாற்றி நெய்யச்சொல்லி, அதில் சட்டையும் நீண்ட கவுனும் தைக்கிறாள். இதிலுள்ள சிரமம், தையலில் கட்டம் கட்டத்தோடு சேரவேண்டும் என்பது. மில் துணியில் கட்டம் ஒரே அளவாக இருக்கும். கைத்தறியிலோ நெய்பவர் காலையில் அடித்த அடிக்கும் மாலையில் அடித்த அடிக்கும் வித்தியாசம் உண்டாகையால் கட்டம் இம்மியளவு நீளும், குறுகும். ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே வைத்துப் பார்த்து, குண்டூசி குத்தி, சட்டைப்பையின் கோடு மார்பின் கோட்டோடு பொருந்தும்படி மாஸ்டர் வெட்டுகிறார். துணி அதிகம் செலவாகிறது, நேரமும் அதிகம். ஆனால் முடிந்த சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, பையின் விளிம்பை விரலால் தடவித்தான் நான் கண்டுகொண்டேன்.

ஆடை வடிவமைப்பாளர் ஒருவருடைய ஆரம்ப காலத்தைப் பற்றி எழுதுவோர் அவருடைய கற்பனையையும் துணிவையும் புகழ்வது வழக்கம். இப்பெண்ணிடம் அவை இரண்டும் உண்டு; ஆயினும், அவளை உருவாக்கிக்கொண்டிருப்பது அந்த வெட்டுமேஜையே என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. தன் சட்டைகளில் தைக்கும் சீட்டில் நெய்தவர், வெட்டியவர், தைத்தவர் பெயர்களையும் அவள் அச்சிடுகிறாள். வடிவமைப்புக் கல்லூரி மாணவர்களை நெசவூர்களிலும் கைத்தொழில் ஊர்களிலும் தங்கிப் பயிலச் செய்கிறது; அது நல்ல ஏற்பாடு. அதேபோல் நகரத்துச் சந்துகளிலுள்ள வெட்டுமேஜைகளுக்கும் அவர்களை அனுப்பவேண்டும். மாஸ்டர்களைக் கல்லூரிக்கு அழைத்து, சம்பளம் கொடுத்து, ஆசிரியர்களாக அமர்த்தவும் வேண்டும். இதைத் தள்ளிப்போட நேரமில்லை. எல்டாம்ஸ் சாலைச் சந்திலிருக்கும் மாஸ்டருக்கு அறுபத்தேழு வயது ஆகிறது. அவரிடம் வெட்டுவேலை கற்றுக்கொள்பவர் இன்று அந்தப் பெண் ஒருத்தியே.