கரும்பாலையால் வாழ்ந்த மடம்

கரீபியக் கடலுக்கும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கும் இடையே வளைந்து கிடக்கும் தீவு வரிசையில், ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரப்புடைய மார்த்தினிக், 1635 முதல், ஆங்கிலேயர் கைப்பற்றி வைத்திருந்த சில இடைக்காலங்கள் நீங்கலாக, பிரான்சின் ஆளுகையில் இருந்துவருகிறது. அத்தீவின் வடகிழக்கில், சேந்த்-மாரி என்னும் ஊரின் எல்லைக்குள், ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஃபோன் சேன்-ழாக் எனப்படும் பழைய கத்தோலிக்க மறைத்தளத்தின் எச்சங்கள் உள்ளன. துறவியர் தங்கிய மாளிகை, சிற்றாலயம், சமையற்கட்டு ஆகியவற்றுக்குப் பக்கத்திலேயே நீர்க்கால்வாய், ஆலையின் இடிந்த சுவர்கள், சர்க்கரை வடிகூடம், சாராயம் வடித்த கட்டடம் ஆகியனவும் காணப்படுவதால், இது மடமா, தொழிற்சாலையா என்ற ஐயம் முதன்முறை பார்ப்போருக்கு எழுவது இயல்பு. இரண்டும் ஒன்றாகவே நடத்தப்பட்டன என்பதும், அந்த ஒருமையைத் தாங்கியவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள் என்பதும்தான் இந்த இடத்தின் வரலாறு.

பிரெஞ்சுத் தீவுகளுக்கு முதலில் வந்த கத்தோலிக்கத் துறவியருள், தமிழ்க் கிறிஸ்தவர்கள் சாமிநாதர் என்றும் அழைக்கும் புனித தோமினிக்கின் சபையைச் சேர்ந்தோரும் இருந்தனர். 1635இல் குவாதலூப் தீவுக்கு வந்த அச்சபையின் ரேமோன் பிரெத்தோன், தீவுகளின் பழங்குடிகளான கலினாகோ மக்களிடையே பல ஆண்டுகள் வாழ்ந்து, அவர்களுடைய மொழிக்கு ஓர் அகராதியைத் தொகுத்து 1665இல் வெளியிட்டார். ஆனால் அவருடைய சபையினர் மார்த்தினிக்கில் நிலம் பெற்ற சூழல் வேறு. தீவின் கிழக்குப் பகுதியில் எஞ்சியிருந்த கலினாகோ மக்கள் 1658இல் தொடங்கிய போரில் விரட்டப்பட்டனர். 1660ஆம் ஆண்டின் உடன்படிக்கை அவர்களுக்கு தொமினிக்கா, சேன்ட் வின்சென்ட் ஆகிய இரு தீவுகளை மட்டும் விட்டுவைத்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையே, 1659இல், மறைந்த ஆளுநர் து பார்க்கேயின் மனைவி மாரி போனார் இந்தப் பள்ளத்தாக்கை தோமினிக்கன் சபைக்கு நன்கொடையாக அளித்தார். கொடுத்தவர் கை தாராளமானது என்பதில் ஐயமில்லை; நிலம் மட்டும் நேற்றுவரை பிறருடையது.

துறவியருக்குக் கரும்புத் தோட்டம் எதற்கு என்ற கேள்விக்கு விடை எளியது. நாணயம் அரிதாயிருந்த தீவுகளில் சர்க்கரையே பணமாகப் புழங்கியது. பங்குக் குருக்களுக்கு உரிய உதவித்தொகையும் சர்க்கரைக் கணக்கில்தான் அளிக்கப்பட்டது. சபையினர் கவனித்துவந்த பங்குகளுக்குக் குருக்களை அனுப்பவும், நோயுற்றவர்களையும் முதியவர்களையும் பேணவும், கட்டடங்களைப் பழுதுபார்க்கவும் வேண்டிய வருவாயைத் தேடி, அண்டை அயலார் செய்ததையே அவர்களும் செய்தனர்: கரும்பு நட்டனர், அடிமைகளை வாங்கினர். இயேசு சபையினரும் இதே வழியில்தான் சென்றனர் என்பதோடு, அவர்களுடைய மார்த்தினிக் மறைத்தளத்தின் தலைவரான அந்துவான் லவலெத் வணிகத்தில் பட்ட கடன், 1755இல் ஆங்கிலேயர் கப்பல்களைக் கைப்பற்றியதால் திருப்பிச் செலுத்த முடியாமற்போய், பிரான்சின் நீதிமன்றங்கள் வரை சென்று, 1764இல் அந்நாட்டில் இயேசு சபையே ஒழிக்கப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று.

ஃபோன் சேன்-ழாக்கின் பெயரை வெளியுலகம் அறியச் செய்தவர் ழான்-பத்தீஸ்த் லபா. 1663இல் பாரிசில் பிறந்து, நான்சி நகரில் மெய்யியலும் கணிதமும் கற்பித்துவந்த இவர், 1694 சனவரியில் மார்த்தினிக்கை அடைந்து, முதலில் வடகோடியிலுள்ள மக்கூபாவில் பங்குக் குருவாகப் பணியாற்றினார். 1696இல் கடனில் மூழ்கியிருந்த இத்தோட்டத்தின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஆலையையும் கொதிகூடத்தையும் திருத்தி அமைத்து, கணக்குகளை ஒழுங்குபடுத்தி, சில ஆண்டுகளில் அதனைத் தீவின் சிறந்த தோட்டங்களுள் ஒன்றாக்கினார். 1705இல் ஐரோப்பாவுக்குத் திரும்பிய பின் அவர் எழுதி 1722இல் ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பயண நூல், அக்காலத் தீவு வாழ்க்கைக்கு இன்றும் முதன்மையான சான்றாக விளங்குகிறது. உணவு, மரம், மீன், இயந்திரம் என எதையும் விடாமல் பதிவு செய்யும் அவருடைய ஆர்வம் வியப்பூட்டுவது. அதே ஆர்வம், சற்றும் தயங்காமல், அடிமை ஒருவரின் விலையையும் உழைப்பையும் கணக்கிடுகிறது.

அந்நூலிலிருந்தும் 1685இல் பதினான்காம் லூயி மன்னர் பிறப்பித்த ‘கறுப்பர் சட்டம்’ எனப்படும் அடிமைச் சட்டத்திலிருந்தும் மறைத்தளத்தின் ஒரு நாளை ஓரளவு மீட்டெடுக்க முடிகிறது. விடியுமுன் மணி அடிக்கும். அடிமைகள் கூடிச் செபம் சொன்ன பின், கண்காணிகள் அவர்களைக் கூட்டம் கூட்டமாக வயலுக்கு அழைத்துச் செல்வர். துறவியருக்கும் அதே பொழுதில்தான் நாள் தொடங்கும். திருப்பலியும், குறித்த நேரங்களில் சொல்ல வேண்டிய திருப்புகழ்மாலைச் செபங்களும் ஒருபுறம் நடக்க, பொறுப்பாளர் ஆலைக்கும் கிடங்குக்கும் இடையே அலைவார். காலையில் சிறிது உணவு, நண்பகலில் ஓய்வு, பின் கதிரவன் மறையும் வரை வேலை, மாலையில் மீண்டும் செபம் என்பது வழக்கமான முறை.

அறுவடைக் காலத்தில் இந்த ஒழுங்கு குலைந்தது. வெட்டிய கரும்பை ஒரு நாளுக்கு மேல் வைத்திருந்தால் சாறு புளித்துவிடும் ஆதலால், ஆலையும் அடுப்புகளும் இரவு பகலாக இயங்கின. கால்வாய் நீர் சக்கரத்தைச் சுழற்ற, சக்கரம் செங்குத்தாக நின்ற மூன்று உருளைகளைச் சுழற்றியது. அவற்றினிடையே கரும்பைச் செலுத்துவது பெரும்பாலும் பெண்களின் வேலை. தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கை முழுவதையும் உருளை இழுத்துக்கொள்ளும். இத்தகைய விபத்துகளை லபாவே விவரிக்கிறார். கொதிகூடத்தில் வேலை செய்தோர் நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் உழைத்ததாகவும், எஞ்சிய ஆறு மணி நேரத்திலும் இரவுச் சாப்பாட்டுக்கும், வயிற்றை நிரப்ப நண்டு தேடுவதற்கும் பொழுது போய்விட்டதாகவும் அவர் எழுதியுள்ளார். சட்டத்தின் 22ஆம் விதி, பத்து வயதும் அதற்கு மேலும் ஆன அடிமை ஒவ்வொருவருக்கும் வாரந்தோறும் மரவள்ளி மாவும், அத்துடன் இரண்டு பவுண்டு உப்பிட்ட மாட்டிறைச்சியோ மூன்று பவுண்டு மீனோ தர வேண்டும் என்றிருந்தது. அந்தப் படி போதுமான அளவில் கிடைத்திருந்தால், பதினெட்டு மணி நேரம் அனலில் நின்றவர் நள்ளிரவில் நண்டு பிடிக்கப் போயிருக்கமாட்டார்.

இன்று வளாகத்தில் நிற்கும் வடிகூடத்தின் பயனை அறிய, சர்க்கரை உருவான முறையைத் தெரிந்துகொள்வது தேவை. பிழிந்த சாறு, வரிசையாகப் பதித்த கொப்பரைகளில் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு அகப்பையால் மாற்றப்பட்டு, சுண்ணாம்பும் சாம்பலும் சேர்த்து அழுக்கு நீக்கப்பட்டுப் படிப்படியாகச் சுண்டியது. காய்ந்த கரும்புச் சக்கை அடுப்புக்கு எரிபொருளாயிற்று. கெட்டியான பாகை, நுனியில் துளையிட்ட கூம்பு வடிவ மண்சாடிகளில் ஊற்றி, உறைந்த பின் துளையைத் திறந்து, கீழே வைத்த கலத்தில் கழிவுப்பாகு சொட்டும்படி விடுவர். பின்னர் சாடியின் மேற்பரப்பில் குழைத்த வெண்களிமண்ணைப் பூச, அதிலிருந்து மெல்லக் கசிந்த நீர் சர்க்கரைக் குருணைகளைக் கழுவிக்கொண்டு இறங்கும். வாரக்கணக்கில் இவ்வாறு வெளுத்த சர்க்கரை, சூடேற்றிய அறையில் உலர்த்தி இடிக்கப்பட்டு, பீப்பாய்களில் அடைக்கப்பட்டது. வடிந்த கழிவுப்பாகும் கொப்பரை நுரையும் புளிக்கவைக்கப்பட்டு, ரம் என்னும் மதுவின் முன்னோடியான தாஃபியா சாராயமாயின. வடிப்பு முறையை மேம்படுத்தியவராக லபா கருதப்படுவதால், மாரி-கலான்த் தீவில் இன்று தயாராகும் ஒரு ரம் அவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. துறவி ஒருவருக்கு இது விந்தையான நினைவுச்சின்னம்தான்.

சமயப் பணியும் இவ்வளாகத்தில் உண்மையாகவே நடந்தது. அடிமைகள் அனைவருக்கும் கத்தோலிக்க மறைக்கல்வியும் திருமுழுக்கும் அளிக்க வேண்டும் என்றும், ஞாயிறும் திருநாள்களும் ஓய்வு நாள்கள் என்றும் சட்டம் கூறியது. பல தோட்டக்காரர்கள் புறக்கணித்த அக்கடமையை மடத்தினர் கூடுதல் கருத்துடன் நிறைவேற்றினர் எனலாம். ஆனால் செபம் கற்பித்த கையே சாட்டையையும் ஏந்தியது. மந்திரவாதம் செய்ததாகக் கருதிய ஓர் அடிமைக்கு ஏறத்தாழ 300 கசையடி கொடுக்கச் செய்து, காயங்களில் மிளகாயும் எலுமிச்சையும் கலந்த உப்புநீரைத் தடவச் செய்ததை லபா தம் நூலிலேயே, வருத்தமின்றி, எழுதிவைத்துள்ளார். தோட்டத்தைக் கட்டியெழுப்பிய பொறியாளரை மட்டும் போற்றும் வழக்கத்துக்கு இந்தப் பக்கங்கள் இடையூறானவை. மக்கள் நினைவோ அவற்றை மறக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்த்தினிக்கில் தங்கிய எழுத்தாளர் லாஃப்காடியோ ஹெர்ன், இரவில் மலைச்சரிவில் நகரும் வெளிச்சத்தை லபாவின் ஆவி ஏந்தும் விளக்கு என்று ஊரார் நம்பியதையும், அடம்பிடிக்கும் குழந்தைகளைத் தாய்மார் அவர் பெயரைச் சொல்லி அச்சுறுத்தியதையும் பதிவு செய்திருக்கிறார்.

பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் சபைகளின் சொத்துகள் பறிமுதலாக, ஃபோன் சேன்-ழாக் அரசுடைமையானது. அங்கிருந்த அடிமைகளும் தோட்டத்தோடு சேர்ந்தே கைமாறினர். மார்த்தினிக்கில் அடிமைமுறை ஒழிந்தது 1848 மே மாதத்தில்தான். அதன்பின் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள், 1853 முதல் புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தத் தொழிலாளர்களை வரவழைத்தனர். ஏறத்தாழ 25,000 இந்தியர், அவர்களுள் பெரும்பாலோர் தமிழர், அத்தீவுக்குச் சென்றனர். லபாவின் முதல் பங்கான மக்கூபாவையும் அடுத்துள்ள பாஸ்-புவேந்த்தையும் சுற்றிய வட பகுதியில் மாரியம்மனும் மதுரை வீரனும் இன்றும் வழிபடப்படுவது அக்குடியேற்றத்தின் விளைவு.

20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்க்கப்பட்ட வளாகம் இப்போது பண்பாட்டு மையமாகவும் அருங்காட்சியகமாகவும் இயங்குகிறது. அடிமைகள் புதைக்கப்பட்ட இடத்தைத் தொல்லியலாளர் அகழ்ந்து ஆய்ந்துள்ளனர். தாமாக ஒரு வரியும் எழுதிவைக்க வாய்ப்பில்லாதவர்களைப் பற்றிய சான்று அந்த எலும்புகளிலும், அவர்கள் எழுப்பிய சுவர்களிலுமே கிடைக்கிறது. இவ்விடத்துக்குச் செல்லும் வாய்ப்புள்ளோர் சிற்றாலயத்திலிருந்து தொடங்காமல், ஆலையையும் வடிகூடத்தையும் முதலில் பார்த்துவிட்டு மாளிகைக்கு வருவது நல்லது. மறைத்தளத்தின் செலவுக்குப் பணம் வந்த வழி அதுவே.