தொழுவத்தில் கோழிகள்

எருதுகளை விற்று ஈராண்டு கழிந்தும் எங்கள் கொல்லைப்புறத்துத் தொழுவம் வெறுமையாகவே கிடந்தது. காலஞ்சென்ற என் தந்தையார் தம் கையாலேயே மண் குழைத்துச் சுவர் எழுப்பிய தொழுவம் அது. இடிக்க மனமின்றி, அதனை நாற்பது நாட்டுக்கோழிகளுக்கு உறைவிடமாக்கத் துணிந்தேன்.

கட்டுத்தறிகளைப் பிடுங்கி, தரையில் அரையடி உயரத்திற்கு நெல் உமியைப் பரப்பினேன். உறங்குவதற்கு மூங்கிற் கழிகளைக் குறுக்கே கட்டினேன். கோழி மரக்கிளையில் அடையும் பறவையின் வழிவந்ததன்றோ! காடித்தொட்டியில் நிரப்பிய சாம்பலிலும் மணலிலும் அவை புரண்டு பேனை உதிர்த்தன. பிழை வேறிடத்தில் நேர்ந்தது. கீரிக்கும் மரநாய்க்கும் அஞ்சி, சாளரங்களையும் இறவாரத்து இடைவெளிகளையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன்.

ஐப்பசி மழையில் உமி நனைந்து கட்டிதட்டியது. ஒருநாள் விடியலில் கதவைத் திறந்தபோது கண்ணைக் கரிக்கும் நெடி எழுந்தது. ஈரத்தில் எச்சம் அழுகுவதால் உண்டாகும் அம்மோனியா ஆவி அது. ஆறு கோழிகள் மடிந்து கிடந்தன; பல வாய்திறந்து மூச்சுத் திணறின. கீரி ஒன்றும் உள்ளே வந்திருக்கவில்லை.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். "கோழிகளுக்கு நான் மருந்து தருகிறேன், சுவருக்குக் கடப்பாரைதான் மருந்து" என்றார்.

நான் தயங்கி நின்றேன். அன்னையார் ஒன்றும் கூறாது கடப்பாரையைக் கொணர்ந்து என் கையில் தந்தார்.

தொழுவம் கிழக்கு மேற்காக நீண்டது. ஆதலின் வடக்கிலும் தெற்கிலும் திறந்தால் வெயில் மிகுதியாகப் புகாது. அவ்விரு சுவர்களையும் ஒன்றரை அடியாகக் குறைத்து, மேலே கம்பிவலை அடித்தேன். சாரல் புகாதவாறு இறவாரத்தை நீட்டினேன். இப்பொழுது உமியை நாள்தோறும் கிளறிவிடுகிறேன்.

இடித்த சுவரின் மண்ணை அன்னையார் வெளியே கொட்டவிடவில்லை. கூடையிற் சுமந்து முருங்கை மரத்தடியில் இட்டார்.