ஷிப்ட் நோட்டில் எழுதிய மறைக்கல்வி

சனிக்கிழமை இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னைக் கோயில் முக்கில் இறக்கிவிடும்போது ஞாயிறு காலை ஆறே முக்கால் ஆகியிருக்கும். முதல் பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருப்பார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு எட்டு மணிச் சிறுவர் பூசைக்கு வந்து உட்கார்ந்தால் பிரசங்க நேரத்தில் கண் சொருகும். ஒன்பதேகாலுக்குப் புதுநன்மை வகுப்பு. இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள், எட்டு ஒன்பது வயது. பத்தேகாலுக்கு அவர்களை அனுப்பிவிட்டு வீட்டில் போய்ப் படுத்தால் சாயங்காலம் நாலு மணிவரை எழுந்திருக்க மாட்டேன். மூன்று வாரத்துக்கு ஒரு ஞாயிறு இப்படி. 16 வருடமாக.

எங்களுடையது சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரு பங்கு. அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் ஏதாவது ஒரு தொழிற்பேட்டையில்தான் போய் இறங்க வேண்டும். பங்கில் மறைக்கல்வி ஆசிரியர்கள் 14 பேர். அதில் வெளிவேலை இல்லாதவர்கள் மூன்று பேர்தான். மற்றவர்களில் நர்ஸ் உண்டு, வங்கி ஊழியர் உண்டு, கல்லூரியில் படித்துக்கொண்டே உணவு டெலிவரி ஓட்டுகிற பையன் உண்டு, ஜவுளிக்கடையில் நிற்கிற பெண் உண்டு. ஜவுளிக்கடைக்கு ஞாயிறுதான் கூட்டம். ஆடியிலும் தீபாவளிக்கு முந்தின மாதத்திலும் அவரை நாங்கள் பார்க்கவே முடியாது.

என் சொந்த ஊர் ராமநாதபுரம் பக்கம். அங்கே எனக்கு மந்திரம் சொல்லிக்கொடுத்தவர் உபதேசியார். கோயிலை ஒட்டிய வீட்டில் குடியிருந்தார். சாயங்கால மணி அடிப்பார், நாங்கள் போய் மணலில் உட்காருவோம். அவர் வராத நாள் என்று ஒன்று எனக்கு நினைவில்லை. அதுதான் அவருடைய வேலை, சம்பளம் குறைவு என்றாலும் அதுதான் பிழைப்பு. அந்த ஏற்பாடு பழையது. 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டியிருந்ததால், தாம் இல்லாத நாளில் செபம் சொல்லிக்கொடுக்க ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அமர்த்தி, அவர்களுக்குச் சம்பளத்துக்கும் வழிசெய்தார். வராத நாளைக் கணக்கில் எடுத்துக்கொண்டு ஒரு வேலையை அமைப்பது எப்படி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமும் மறைக்கல்விப் புத்தகம்தான். 1578-இல் கொல்லத்தில் அச்சான அண்ட்ரிக் அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். போதிக்கிறவர் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் பாடம் நிற்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு அந்தக் காலத்தில் வேறு என்ன இருந்திருக்க முடியும்!

இதெல்லாம் எனக்கு உறைத்தது ஒரு தப்பு நடந்த பிறகுதான்.

அது என் நாலாவது வருடம். அப்போது அந்த வகுப்புக்கு நான் ஒருவன்தான் ஆசிரியர். ஷிப்டை நண்பர்களிடம் மாற்றி வாங்கி ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்துகொண்டிருந்தேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒரு சனிக்கிழமை இரண்டாம் ஷிப்ட். பத்து மணிக்கு விட வேண்டும், ரிலீவர் வரவில்லை. இரவும் நில் என்றார்கள், நின்றேன். விடியற்காலையில் லைன் நின்றுபோனது. பழுது பார்த்து முடிக்காமல் நகர முடியாது. போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். நான் வெளியே வந்தபோது மணி பதினொன்று.

அன்றைக்குப் பார்த்துப் பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தேன். அடுத்த ஞாயிறு ஒரு தாய் என்னிடம் வந்தார். ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை செய்கிறவர். “நீங்க வர மாட்டீங்கன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா டூட்டிக்குப் போயிருப்பேன் சார், அரை நாள் சம்பளம் போச்சு. அதுகூடப் பரவால்ல. எல்லாரும் போன பிறகும் புள்ள கெபிகிட்டயே நின்னுச்சு. சார் வருவேன்னு சொன்னாரு, வருவாருன்னு வர மாட்டேன்னுடுச்சு” என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? லைன் நின்ற கதை அந்தப் பிள்ளைக்கு எதற்கு?

வேலைக்குப் போகிறவன் வகுப்புக்கு வராமல் போவது குற்றமில்லை. எல்லா ஞாயிறும் வருவேன் என்று வாக்குக் கொடுப்பதுதான் குற்றம். நான் செய்தது அதுதான். என் ஒருவனுடைய உடம்பை நம்பி ஒரு வகுப்பையே நிறுத்தி வைத்திருந்தேன். இன்றைக்கும் புதிதாக வருகிற ஆசிரியரிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்களால் எத்தனை ஞாயிறு முடியாது என்று முதலில் சொல்லுங்கள், எத்தனை முடியும் என்பதை அப்புறம் பேசுவோம்.

மறைக்கல்விக்கு ஏன் ஞாயிறு என்று கேட்டால் ஆண்டவருடைய நாள் என்போம். உண்மைதான். 1905-இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர், ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ஞாயிறும் கடன் திருநாளும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் மறைக்கல்வி கொடுக்க வேண்டும் என்று எல்லாப் பங்குகளுக்கும் கட்டளையிட்டார். ஆனால் ஞாயிற்றுக்கு வேலை சம்பந்தப்பட்ட காரணமும் உண்டு. 1780-இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் ஞாயிறு பள்ளி தொடங்கினார். அவர் நம் சபைக்காரர் இல்லை. அவர் சேர்த்த பிள்ளைகள் மற்ற ஆறு நாளும் வேலைக்குப் போனவர்கள், படிக்க அவர்களுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான். நம் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமும் வாரத்தைச் சனிக்கிழமை நள்ளிரவில் தொடங்கி, முதல் நாளான ஞாயிற்றையே விடுமுறையாக வைத்தது. அதே 52-ஆம் பிரிவு, அந்த விடுமுறையை முன்னே மூன்று நாளுக்குள்ளோ பின்னே மூன்று நாளுக்குள்ளோ மாற்றிக்கொடுத்துவிட்டு ஞாயிறன்று வேலை வாங்கவும் இடம் கொடுத்தது. ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய ஆலைகளில் அந்த இடம்தான் வழக்கமாகிவிட்டது. எனக்கு வீக் ஆஃப் வியாழன். கோயிலில் வியாழனன்று யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பிழைக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரை ஒரு வகுப்புக்கு வைத்தோம். நான், அரசு மருத்துவமனை நர்ஸ் ஒருவர், டெலிவரி ஓட்டுகிற அந்தத் தம்பியின் இடத்தில் அப்போது இருந்த வேறொரு கல்லூரி மாணவர். சொல்லும்போது எளிதாக இருக்கிறது. ஆனால் என் ஷிப்ட் மாதத்துக்கு ஒருமுறை போடுவார்கள், நர்ஸ் அக்காவின் டூட்டி லிஸ்ட் வாரத்துக்கு ஒருமுறைதான் ஒட்டுவார்கள். இரண்டையும் பொருத்திப் பார்க்க முடிகிற நாள் புதன் இரவு. எனவே புதன் இரவு ஒன்பது மணிக்குள் அந்த ஞாயிறுக்கு முதல் ஆள் யார், இரண்டாம் ஆள் யார் என்று முடிவாகிவிட வேண்டும். இரண்டாம் ஆளும் பாடத்தைப் படித்திருக்க வேண்டும். முதல் ஆள் ஒன்பதேகாலுக்கு வாசலில் இல்லையென்றால் இரண்டாம் ஆள் யாரையும் கேட்காமல் சிலுவை அடையாளம் போட்டு வகுப்பைத் தொடங்கிவிடுவார்.

மூன்று பேர் வந்ததும் புதுச் சிக்கல் வந்தது. நான் எங்கே நிறுத்தினேன் என்று அக்காவுக்குத் தெரியாது. மனத்துயர் செபத்தை இருவரும் அடுத்தடுத்த வாரம் முதலிலிருந்து நடத்தினோம், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். அப்போதுதான் ஆலையில் தினமும் நான் எழுதுகிற ஷிப்ட் நோட்டு நினைவுக்கு வந்தது. என்ன ஓடியது, எது நின்றது, ஏன் நின்றது, அடுத்த ஷிப்ட்காரர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது என்ன. நாலே வரி. அது இல்லாமல் நான் எந்த மெஷினையும் தொட்டதில்லை, ஆனால் பிள்ளைகளை மட்டும் வெறும் கையோடு ஒப்படைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாற்பது ரூபாய் நீள நோட்டு வாங்கினேன். அதே நாலு வரி. அக்கா ஐந்தாவதாக ஒன்று சேர்த்தார்: ‘பிள்ளைகள் கேட்ட கேள்வி’. இந்த 12 வருடத்தில் ஏழு நோட்டு ஆகிவிட்டது. பழையவற்றைப் புரட்டினால் அந்த ஐந்தாவது வரியைத்தான் முதலில் படிக்கிறேன். ‘நற்கருணை வாயில் ஒட்டிக்கொண்டால் பாவமா?’ ‘சேசு ஸ்கூல் போனாரா?’ ‘எங்க தாத்தா இந்து, அவர் மோட்சத்துக்குப் போவாரா?’ கடைசிக் கேள்விக்குப் பக்கத்தில் அக்கா எழுதியிருந்தார்: ‘கடவுள் தாத்தாவை உன்னைவிட அதிகமாக நேசிக்கிறார் என்று சொன்னேன். நீங்களும் இதையே சொல்லவும்.’ பிள்ளை ஒரே கேள்வியை இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்க்கும். இரண்டு பதில் வந்தால் இரண்டையும் நம்பாது.

நோட்டு எங்களுக்குக் கற்றுக்கொடுத்த இன்னொன்று, பாடத்தை வெட்டுகிற விதம். மறைமாவட்டப் பாடநூலில் சில பாடங்கள் இரண்டு வாரத்துக்கு நீளும். ‘மீதியை அடுத்த வாரம் சொல்கிறேன்’ என்று நான் சொல்லிவிட்டுப் போனால், அடுத்த வாரம் அந்த மீதியை அக்கா சொல்ல வேண்டும். பிள்ளைகள் ஏற்கவே மாட்டார்கள். கதையைத் தொடங்கிய வாய்தான் முடிக்க வேண்டும் அவர்களுக்கு. ஆகவே எங்கள் வகுப்பில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு முழுச் சாப்பாடு. காணாமல்போன ஆடு அன்றைக்கே தோளேறி வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும். இப்படி வெட்டுவதற்குப் பாடத்தை நாலு நாள் முன்பே படித்தாக வேண்டும். நான் பஸ்ஸில் போகும்போது படிப்பேன். திரும்பும்போது கண்ணை மூடிக்கொண்டு கதையை எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்ப்பேன். சார்ட் எழுதவும் படம் ஒட்டவும் எனக்கு நேரம் கிடையாது. கதை மனப்பாடமாக இருந்தால் சார்ட் இல்லாத குறை தெரிவதில்லை.

பங்குப் பேரவையில் ஒருமுறை பெரியவர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு கேட்டார்: “நேரம் இருக்கிறவங்களை மட்டும் வச்சு நடத்திடலாமே? இவங்க ஏன் இவ்வளவு சிரமப்படணும்?” ஓய்வுபெற்றவர்கள் எங்கள் குழுவின் பலம், அதை மறுக்க மாட்டேன். ஆனாலும் அந்த யோசனை எனக்கு ஒப்பவில்லை. காரணம் ஒரு வகுப்பில் நடந்தது.

திராட்சைத் தோட்டத்துக் கூலியாட்களின் கதை, மத்தேயு இருபதாம் அதிகாரம். அன்று இரவு ஷிப்ட்டிலிருந்து நேராக வந்திருந்தேன், யூனிபார்ம் சட்டையைக்கூட மாற்றவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து ஒரு மணி நேரமே வேலை பார்த்தவர்களுக்கும் முழு தெனாரியம் என்றதும், வழக்கம்போல நாலைந்து பேர் ‘அநியாயம் சார்’ என்றார்கள். ஒரு பையன் மட்டும் கேட்டான்: “அதுவரைக்கும் அவங்கள யாருமே கூப்பிடலையா சார்?” கூப்பிடவில்லை என்றேன். “எங்கப்பாவும் சில நாள் வேலை இல்லன்னு திரும்பி வந்துடுவாரு. ஆனா காலையிலயே போயிடுவாரு.”

அவன் அப்பா விடிகாலையில் ஜங்ஷனில் நின்று கான்ட்ராக்டர் வண்டிக்காகக் காத்திருக்கிறவர். என் பஸ் அந்த ஜங்ஷனைத் தாண்டித்தான் வரும். அந்தக் கூட்டத்தை வாராவாரம் நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். வகுப்பிடம் சொன்னேன்: ஒரு தெனாரியம் என்பது அந்தக் காலத்தில் ஒரு நாள் கூலி. கூலியாள் வீட்டில் அன்றைக்கு அடுப்பெரிய அது வேண்டும். தோட்டக்காரர் மணியைப் பார்க்கவில்லை, வீட்டில் காத்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். ‘அநியாயம்’ என்றவர்கள் பேசவில்லை. அந்தப் பையன் என் சட்டையில் இருந்த பெயர்ப்பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த விளக்கம் எந்தக் கையேட்டிலிருந்தும் எனக்குக் கிடைக்கவில்லை, பஸ் ஜன்னலில் கிடைத்தது.

எனக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஷிப்ட் மாற்றிக்கொடுக்கிற நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் முருக பக்தர். தவக்காலத்திலும் புதுநன்மை நெருங்குகிற ஏப்ரல் மாதத்திலும் முகம் சுளிக்காமல் என் இடத்தில் நிற்பார். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் அவர் இடத்தில் நான் நிற்பேன். “புள்ளைங்களுக்குச் சாமி பத்தித்தானே சொல்லப் போற, போ” என்பார். எங்கள் புதுநன்மைப் பிள்ளைகளுக்கு அவரை ஒருமுறை காட்ட வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. அந்த நாளில் அவர் எப்போதும் ஆலையில் இருக்கிறார்.

2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி ஆசிரியப் பணியைத் திருச்சபையின் ஒரு நிலையான திருப்பணியாக நிறுவினார். செய்தி வந்த நாளில் அக்கா கொரோனா வார்டில் இருந்தார். இரவு வந்து பார்த்துவிட்டு ஒரு கும்பிடு அனுப்பினார். எங்களுக்கு அது பெரிய மரியாதை. அந்த மரியாதைக்குப் பொருத்தமாக நேரமும் அமைய வேண்டும் என்பதுதான் என் மன்றாட்டு. மூன்று நாள் தங்கிப் பயிலும் முகாமுக்கு ஷிப்ட்காரருக்கு லீவு கிடைக்காது, அரை நாளாக ஆறு முறை வைத்தால் வருவோம். ஆசிரியர் கூட்டம் சனி மாலை ஐந்து மணிக்கு என்றால் ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு அது கனவிலும் முடியாது. எங்கள் பங்குத்தந்தையிடம் இதைச் சொன்னோம். அவர் கூட்டத்தை ஞாயிறு வகுப்பு முடிந்த கையோடு இருபது நிமிடமாகச் சுருக்கினார், டீயோடு. அதன் பிறகு 14 பேரில் 11 பேராவது இருக்கிறார்கள்.

பெற்றோர்களுக்கும் இதே கதைதான். பிள்ளைக்கு விசுவாசம் சொல்லிக்கொடுக்கும் கடமை மற்ற எல்லாரையும்விட முதலில் பெற்றோருடையது என்கிறது திருச்சபைச் சட்டம். ஆனால் ஞாயிறு காலை ஆஸ்பத்திரித் தரையைத் துடைத்துக்கொண்டிருக்கிற தாயிடம் அதை எந்த முகத்தோடு சொல்வது? அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்காக வியாழன் இரவு ஏழு மணிக்கு ஓர் அன்பிய வீட்டில் வகுப்பு வைத்திருக்கிறேன். இந்த வருடம் நாலு பேர். எனக்கு வீக் ஆஃப், தாய்மார்களுக்கு டூட்டி முடிந்த நேரம். பிள்ளைகளோடு அவர்களும் உட்கார்ந்துவிடுகிறார்கள். மறந்துபோன செபங்களைப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறார்கள்.

நோட்டில் எழுதக் கூடாதவையும் உண்டு. பிள்ளை ஒரு ஆசிரியரை நம்பி வீட்டு விஷயம் சொன்னால் அது அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது. இதில் நாங்கள் மூவரும் கண்டிப்பு. போன ஞாயிறு எனக்கு முதல் ஷிப்ட், வகுப்பு அக்காவுடையது. நேற்று நோட்டை வாங்கிப் பார்த்தேன். மனத்துயர் செபம் 17 பேருக்குத் தெரிகிறது. இருவர் வரவில்லை, ஒருவருக்கு அம்மை. கேள்வி எதுவும் இல்லை. ‘அடுத்தவர் முதலில் செய்ய வேண்டியது’ என்ற இடத்தில் ஒரே வரி: ‘மூன்றாம் பெஞ்சு ஓரத்தில் உட்காருகிற பையனுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம்.’

நாளை இரவு ஷிப்ட். ஞாயிறு ஒன்பதேகாலுக்கு நான்தான் முதல் ஆள்.