மோதி பாக்கில் ஒரு பட்டிமண்டபம்

தலைநகரில் வந்து குடியேறிய நம்மவர்க்கு ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள் அன்று. வாரம் முழுவதும் ஒத்திவைத்த காரியங்களுக்காக வீட்டை விட்டுப் புறப்படும் நாள். அத்தகைய ஒரு ஞாயிறு பிற்பகல், புது தில்லி நிலையத்தை அடுத்த ரயில்வே குடியிருப்பிலிருந்து நாங்கள் மூவரும் மோதி பாக் நோக்கிப் பயணமானோம். அங்கே மத்திய அரசு ஊழியரான நண்பர் ஒருவர் வசிக்கின்றார். ஊரில் எங்கள் நிலையத்துக்கு அடுத்த நிலையம் அவருடையது. தில்லியில் அந்த உறவு போதாதா?

எங்கள் மகள் ஒன்பதாம் வகுப்பில் படிக்கின்றாள். வரும் ஆண்டு பொதுத்தேர்வு. நண்பரின் வீட்டருகே நல்ல கணித வகுப்பு நடைபெறுவதாகக் கேள்வியுற்று, அதை விசாரிக்கவே சென்றோம். அத்துடன், அவளுக்குச் சொல்லாத எண்ணம் ஒன்றும் எங்கள் உள்ளத்தில் இருந்தது. திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று நாள் பள்ளி முடிந்ததும் அவள் கூடைப்பந்து பயில்கின்றாள். வீடு திரும்புகையில் விளக்கு வைத்துவிடுகின்றது. படிப்பும் கெடும், பெண் பிள்ளைக்கு இருட்டில் வழியும் ஆகாது என்று அவள் தாய்க்குக் கவலை. அந்த ஆட்டத்தை இத்துடன் நிறுத்திவிடுவது என்று நாங்கள் முக்கால் பங்கு தீர்மானித்திருந்தோம்.

மோதி பாக்கின் அருகே எங்கள் ரயில்வேயின் வட்டப்பாதையும் செல்கின்றது. 1975-இல் தொடங்கி, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளையொட்டிச் செப்பனிடப்பெற்ற, ஏறத்தாழ 35 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. ஆயினும் அதில் வண்டிகள் குறைவு. ஆதலின் மெட்ரோவையே நாடினோம். சொந்தக் கடையை விட்டு எதிர்க்கடையில் சாமான் வாங்கும் வணிகரின் கூச்சம் எங்களுக்கு இருந்தது! மஞ்சள் தடத்தில் ஐ.என்.ஏ. வரை சென்று, இளஞ்சிவப்புத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் மோதி பாக். 2018-இல் திறக்கப்பெற்ற அந்நிலையத்துக்குச் சர் எம். விசுவேசுவரய்யாவின் பெயரைச் சூட்டியிருக்கின்றார்கள். கிருஷ்ணராஜசாகர் அணையைக் கட்டிய தென்னாட்டு மேதையின் பெயரை வடநாட்டு ஒலிபெருக்கியில் கேட்பதில் ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

மோதி பாக் என்றால் முத்துத் தோட்டம் என்று பொருள். நாடு விடுதலை பெற்றபின் அரசு ஊழியர்க்கென எழுந்த குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. பழைய வீடுகளில் ஒரு பகுதியை இடித்து, 'புது மோதி பாக்' என்று உயர் அதிகாரிகளுக்கான குடியிருப்பை அமைத்துள்ளனர். எஞ்சிய பழைய தெருக்களில் வேம்பும் துணிக்கொடியும் மிதிவண்டியுமாக நடுத்தர வாழ்வு நடைபெறுகின்றது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்று இங்கே இருப்பதால் நம்மவர் பலர்க்கு இப்பகுதி பழக்கமானது. 1977-இல் திறக்கப்பெற்ற தேசிய ரயில் அருங்காட்சியகமும் தொலைவில் இல்லை.

எல்லாவற்றிலும் தொன்மையானது மோதி பாக் குருத்துவாரா. 1707-இல் குரு கோவிந்த சிங் இங்கே தங்கியிருந்தார். இவ்விடத்திலிருந்து அவர் எய்த அம்பு பல மைல் தொலைவிலுள்ள செங்கோட்டையில், பின்னாளில் பகதூர் ஷா என முடிசூடிய இளவரசரின் காலடியில் போய்த் தைத்ததாம். இது மந்திரமோ என்று அனைவரும் வியக்க, இரண்டாம் அம்பு வந்ததாம். இது மாயமன்று, வில்வித்தையே என்று அதில் குறிப்பு இருந்ததாக ஐதிகம். வழியில் உள்ளே சென்று வணங்கி, அக்கதையைக் கேட்டு வந்தோம். அன்று மாலையே அது எங்களுக்குப் பயன்படும் என்று அப்போது எண்ணவில்லை.

நண்பர் வீட்டில் காப்பியும் முறுக்கும் வந்தன. கணித வகுப்பு செவ்வாயும் வியாழனும் நடைபெறுகின்றது, கட்டணமும் நியாயமே என்றார் நண்பர். அதற்குள் உள்ளறையில் அவருடைய மைந்தர் இருவரும் உரத்த குரலில் வாதாடுவது கேட்டது. அமெரிக்காவில் இரவில் ஆடும் ஆட்டம் நமக்கு விடியற்காலையில் வருகின்றது. இளையவன் அன்று இருள் பிரியுமுன் எழுந்து கைப்பேசியில் கூடைப்பந்து பார்த்தானாம். பாலுக்கு எழுப்பினால் எழாத பிள்ளை பந்துக்கு எழுகின்றானே என்று அவன் தாய் குறைப்பட்டார். இன்று உலகில் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர் யார் என்பதே வழக்கு.

"இதைச் சண்டையாக விடுவானேன்? பட்டிமண்டபமாக வைத்துவிடுவோம். ரயில்வேக்காரர் நடுவராக இருக்கட்டும். நேரந் தவறாதவர் ஆயிற்றே!" என்றார் நண்பர். "ரயில்வேக்காரரா நேரந் தவறாதவர்!" என்று எங்கள் இல்லத்தரசி நகைத்தார். அடுத்த வீட்டுச் சீக்கிய இளைஞனும் மூன்றாம் அணியாக வந்து அமர்ந்தான். அவன் இந்தியில் பேசினான்.

மூத்தவன் தொடங்கினான். "லெப்ரான் ஜேம்ஸை விட்டு வேறொருவரைச் சொல்வது அடாது, மாமா. 1984-இல் பிறந்தவர். 2003-இல் பள்ளியிலிருந்து நேரே என்.பி.ஏ. எனப்படும் தொழில்முறைச் சங்கத்தில் சேர்ந்தார். கரீம் அப்துல்-ஜப்பார் ஈட்டிய 38,387 புள்ளிகளை 2023 பிப்ரவரியில் கடந்தார். 2024 மார்ச்சில் 40,000-ஐ எட்டினார். அவ்வாண்டு அக்டோபரில் தம் மகனுடன் ஒரே அணியில் களமிறங்கினார். தொலைவிலிருந்து எறிவதில் ஸ்டீபன் கரிக்கு இணை எவருமில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் மட்டும் எட்டு மூன்று-புள்ளி எறிகள்; 2025 மார்ச்சில் அவர் என்.பி.ஏ.யில் போட்ட அத்தகைய எறிகள் 4,000 ஆயின."

இளையவன் மறுத்தான். "அண்ணன் சொல்வது முன்னோர் சேர்த்த சொத்து. நான் கேட்பது இன்றைய சம்பாத்தியம். செர்பியா நாட்டு நிகோலா யோக்கிச்சை 2014-இல் 41-ஆவது ஆளாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டம் மெது, தாவும் உயரம் குறைவு. எனினும் 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. 2023-இல் டென்வர் அணிக்கு முதன்முறையாகப் பட்டம் வாங்கித் தந்தார். 2024-25 பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 29.6 புள்ளிகள் எடுத்தார். கூடையில் விழாது மீண்ட பந்தை 12.7 முறை கைப்பற்றினார். தோழர் புள்ளி எடுக்கும்படி 10.2 முறை பந்து வழங்கினார். தானும் உண்டு பிறர்க்கும் பரிமாறுபவர் அவர்."

சீக்கிய இளைஞன் புன்னகையுடன் கூறினான்: "அதே பருவத்தில் விருதை வென்றவர் யோக்கிச் அல்லர், கனடாவில் பிறந்த ஷே கில்ஜஸ்-அலெக்சாண்டர். சராசரி 32.7 புள்ளிகள். அவருடைய ஓக்லஹோமா சிட்டி அணி 2025-இல் பட்டமும் பெற்றது. அவர் தாயார் ஆண்டிகுவா நாட்டுக்காக 1992 ஒலிம்பிக்கில் ஓடியவர்." பின்னர்ச் சற்றுப் பெருமையுடன், பஞ்சாபின் சிற்றூர் ஒன்றிலிருந்து சென்ற சத்நாம் சிங்கை 2015-இல் டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்ததையும் குறிப்பிட்டான். இந்தியாவில் பிறந்தோருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே.

இவற்றைக் கேட்டுவந்த எங்களுக்கு ஒரு செய்தி வியப்பளித்தது. கிரீசின் யான்னிஸ் அடெடோகும்போ, செர்பியாவின் யோக்கிச், கேமரூனில் பிறந்த ஜோயல் எம்பீட், கனடாவின் கில்ஜஸ்-அலெக்சாண்டர் என, 2019 முதல் 2025 வரை அவ்விருது பெற்ற அனைவரும் அமெரிக்காவுக்கு வெளியே பிறந்தவர்கள்! அவர்களுள் யான்னிஸின் பெற்றோர் நைஜீரியாவிலிருந்து ஏதென்சுக்குப் பிழைக்க வந்தவர்கள். பிள்ளைகளும் தெருவில் பொருள் விற்றுக் குடும்பத்துக்கு உதவினர். பிறந்த நாட்டின் குடியுரிமையே யான்னிஸுக்கு 2013-இல்தான் கிடைத்தது. ஊர் விட்டு ஊர் வந்து, வாடகை வீட்டுக்கும் பள்ளி இடத்துக்கும் அலைந்த நம் போன்றோர்க்கு இச்செய்தி வெறும் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றுமா?

நண்பர் தம் பங்குக்குச் சொன்னார்: "1891-இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்னும் ஆசிரியர் பழக்கூடைகளை உயரத்தில் ஆணியடித்து மாட்டிய ஆட்டம் இது. ஒய்.எம்.சி.ஏ. நிறுவனத்தாரே இதனை நம் நாட்டில் பரப்பினார்கள். சென்னையில் 1920-இல் ஹாரி குரோ பக் நிறுவிய அவர்களுடைய உடற்கல்விக் கல்லூரியை மறக்கலாமா? முதல் தேசியப் போட்டி 1934-இல் இதே தில்லியில்தான் நடந்தது."

தீர்ப்புக் கூற நாங்கள் தொண்டையைக் கனைத்தோம். அதுவரை வாய் திறவாதிருந்த எங்கள் மகள் அப்போது கேட்டாள்: "அப்பா, இத்தனை பேரிலே ஒரு பெண்கூட இல்லையே?"

சபை அமைதியாயிற்று. அவளே தொடர்ந்தாள். அமெரிக்க மகளிர் சங்கத்தின் ஏஜா வில்சன் 2020, 2022, 2024, 2025 என நான்கு முறை மிகச்சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர் என்றாள். "அவ்வளவு தொலைவு போவானேன்? நம் ரயில்வேயிலேயே இருந்தார்களே! சென்னை அனிதா பால்துரை 2000 முதல் 2017 வரை இந்தியாவுக்காக ஆடினார். ஆசியக் கூடைப்பந்துப் போட்டிகள் ஒன்பதில் தொடர்ந்து ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ. தெற்கு ரயில்வேயின் கீது அன்னா ஜோஸ் ஆஸ்திரேலியாவில் தொழில்முறை ஆட்டம் ஆடினார். 2011-இல் அமெரிக்க மகளிர் அணிகள் மூன்று அவரைத் தேர்வுக்கு அழைத்தன. உங்கள் அலுவலகத்தில் அவர்கள் பெயரைச் சொல்வதில்லையா, அப்பா?"

எங்களால் விடை கூற இயலவில்லை. எங்கள் பிரிவின் வேலை விடுப்புக் கணக்கு எழுதுவது. போட்டிகளுக்குச் செல்லும் ரயில்வே விளையாட்டு வீரர்க்கும் வீராங்கனையர்க்கும் 'சிறப்புத் தற்செயல் விடுப்பு' உண்டு. பதிவேட்டில் அவ்வாறு எத்தனையோ பெண்களின் பெயருக்கு எதிரே எழுதியிருக்கின்றோம். எந்த ஆட்டம், வென்றார்களா, தோற்றார்களா என்று ஒருமுறையேனும் வினவியதில்லை. வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் பாக்கியசாலிகள் என்று உணவு இடைவேளையில் பேசியதும் உண்டு. மகளின் முகத்தைப் பார்க்க அன்று எங்களுக்கு நாணமாக இருந்தது.

தீர்ப்பை ஒத்திவைத்து, யாவரும் அருகிலுள்ள திடலுக்குச் சென்றோம். இரண்டு கம்பங்கள், பத்தடி உயரத்தில் துருவேறிய வளையங்கள். ஒன்றில் மட்டும் கிழிந்த வலை. இளைஞர்கள் எறிந்து பார்த்தபின் பந்தை எங்கள் மகளிடம் தந்தனர். அவள் கோட்டில் நின்று, பந்தை இரண்டு முறை தரையில் தட்டி, முழங்காலைச் சற்று மடக்கி எறிந்தாள். பத்து எறிகளில் ஆறு விழுந்தன. அண்ணன் தம்பி இருவர்க்கும் நான்குக்கு மேல் விழவில்லை. அவளைப் பார்த்து, இது என்ன மந்திரம் என்றான் இளையவன். "மந்திரமில்லை, பயிற்சி. இரண்டாம் அம்பின் குறிப்பை நீ கேட்டதில்லையா?" என்றான் சீக்கிய இளைஞன்.

அங்கேயே தீர்ப்பு வழங்கினோம். சேர்த்து வைத்த புகழைக் கணக்கிட்டால் லெப்ரான். 2025-இன் மகுடம் கில்ஜஸ்-அலெக்சாண்டருக்கு. ஆயினும் 2021 முதல் 2025 வரை ஐந்தாண்டுகளைத் தராசில் இட்டால் யோக்கிச்சின் தட்டே தாழும். விரைவும் தாவலும் இயற்கை தருவன. எவர் எங்கே நிற்கின்றார் என்றறிந்து பந்தை வழங்கும் அறிவு பழகிப் பெறுவது. பழகிப் பெற்றதற்கே எங்கள் வாக்கு. அனிதா, கீது போன்றோரைப் பட்டியலில் சேர்க்காத குற்றத்துக்கு நடுவர் தமக்குத் தாமே அபராதம் விதித்துக் கொண்டார். அனைவர்க்கும் குல்பி வாங்கித் தருவது அந்த அபராதம்!

இரவு திரும்புகையில் மெட்ரோவில் இடம் கிடைத்தது. வண்டி சுரங்கத்தில் சென்றது. மகள் இருண்ட கண்ணாடியை நோக்கி அமர்ந்திருந்தாள். நாங்கள் கொண்டு சென்ற முக்கால் தீர்மானத்தை எவ்வாறு எடுப்பது, எவ்வாறு விடுவது என்று தெரியாமல் இருந்தோம். திடலில் ஒவ்வோர் எறியையும் விரல்விட்டு எண்ணிய அவள் தாய், மெல்லிய குரலில் கேட்டார்: "கணித வகுப்பு செவ்வாயும் வியாழனும் என்றுதானே சொன்னார்? இவளுக்குப் பந்துப் பயிற்சி திங்கள், புதன், வெள்ளி. ஒன்றோடொன்று மோதவில்லையே? இருட்டியபின் அழைத்து வருவது மட்டும் உங்கள் பொறுப்பு."

ஒப்புக்கொண்டோம். மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் அவள் முகம் மலர்ந்ததை நாங்கள் இருவரும் கண்டோம்.