கோபுரம் நிற்கும் நிலம்

கேமரன் மலையில் பிரிஞ்சாங் நகரைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் வழியே ஏறும் ஒற்றைச் சாலை குனோங் பிரிஞ்சாங் உச்சியில் போய் முடிகிறது. உயரம் 2,000 மீட்டருக்கும் அதிகம். தீபகற்ப மலேசியாவில் காரில் போய்ச் சேரக்கூடிய மிக உயரமான இடம் அதுதான். உச்சியில் ஒளிபரப்புக் கோபுரங்கள் நிற்கின்றன. அங்கிருந்து இறங்கி வந்தால் தேயிலைச் சரிவுகளின் ஓரத்திலும் கடைவீதி மாடிகளிலும் கைத்தொலைபேசிக் கோபுரங்கள் தென்படும். மலை உச்சியிலேயே கோபுரம் இருக்கும்போது கீழே எதற்கு இத்தனை? இவை நிற்கும் நிலத்துக்கு வாடகை யார் கொடுக்கிறார்கள், யார் வாங்குகிறார்கள்? இந்த ஏற்பாடு எங்கே தொடங்கியது? இந்தக் கேள்விகளோடுதான் தேடத் தொடங்கினேன்.

முதல் கேள்விக்கு விடை இயற்பியலில் இருந்தது. தொலைக்காட்சிக் கோபுரம் பேசும், நாம் கேட்போம், அதோடு சரி. கைத்தொலைபேசியோ திரும்பப் பேச வேண்டும். ஜிஎஸ்எம் என்ற 2ஜி முறைக் காலத்துக் கைப்பேசியின் உச்சபட்ச ஆற்றலே 2 வாட்தான். அதன் குரல் மலைமுகட்டைத் துளைத்துக்கொண்டு போகாது. அந்த முறையில் ஒரு நிலையம் சுமார் 35 கிலோமீட்டருக்குள் இருக்கும் கைப்பேசிகளோடு மட்டுமே தொடர்பு கொள்ள முடியும். ஒரே நேரத்தில் எத்தனை பேர் பேசலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. அதனால் ஒவ்வொரு பள்ளத்தாக்குக்கும் ஒரு கோபுரம் தேவைப்பட்டது. கோபுரம் பெருகியபோது நிலம் தேடும் வேலையும் பெருகியது.

மலேசியாவில் தொலைபேசிச் சேவை நீண்ட காலம் அரசு இலாகாவிடம் இருந்தது. அட்டூர் என்ற வானொலித் தொலைபேசிச் சேவை 1985இல் வந்தது. தொலைபேசி இலாகா 1987இல் நிறுவனமாக மாறியது. அடுத்து செல்கோம் என்ற கைத்தொலைபேசி நிறுவனம் வந்தது. 1995இல் மெக்சிஸும், பின்னாளில் டிஜி ஆன முத்தியாராவும் சேவையைத் தொடங்கின. ஒவ்வொருவரும் தமக்கென்று தனித்தனிக் கோபுரம் கட்டினார்கள். நல்ல மேடு யாரிடம் இருந்ததோ அவருக்கு யோகம் அடித்தது.

அந்த நாளில் கோபுரத்துக்கு இடம் பிடித்துக் கொடுத்த நண்பர் ஒருவரை ஈப்போவில் பார்த்தேன். "மூணு வருஷம், அப்புறம் மூணு, இன்னொரு மூணு. இப்படித்தான் சார் அக்ரிமெண்ட் போடுவோம்" என்றார். ஏன் மூன்று என்று கேட்டேன். சிரித்தார்.

விடை 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தில் இருந்தது. மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும். நிலம் முழுவதையும் 99 ஆண்டு வரையிலும், ஒரு பகுதியை மட்டும் என்றால் 30 ஆண்டு வரையிலும் குத்தகைக்கு விடலாம். மூன்று ஆண்டும் அதற்குக் குறைந்ததும் வெறும் வாடகைக் கணக்கு, பதிவு தேவையில்லை. பெரிய தோட்டத்தின் மூலையில் ஒரு துண்டு நிலம் கேட்பவருக்கு இதைவிட எளிய வழி ஏது? புதுப்பிக்கும் உரிமை யாருக்கு என்பதை ஒப்பந்தம்தான் சொல்லும். பெரும்பாலும் அது கோபுரக்காரரிடம் இருக்கும்.

சட்டப் புத்தகத்தைப் புரட்டியபோது இன்னொன்றும் தெளிந்தது. மலேசிய அரசமைப்பின்படி தகவல் தொடர்பு மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. அலைக்கற்றை கோலாலம்பூர் தருவது, அதைத் தாங்கும் கேமரன் மலை மண் பகாங் மாநிலம் தருவது. மாநிலங்கள் பலவும் கோபுரம் கட்டும் நிறுவனங்களுக்குத் தாமே ஆதரவு கொடுத்து வளர்த்ததன் காரணம் இதுதான். அலையில் பங்கில்லாத மாநிலம் மண்ணில் பங்கு கேட்டது.

கோபுரத்தை மட்டுமே சொத்தாக வைத்துப் பிழைக்கும் தொழிலின் மூலத்தைத் தேடியபோது அமெரிக்காவுக்குப் போக வேண்டியிருந்தது. இன்று உலகின் பெரிய கோபுர நிறுவனங்களில் ஒன்றான அமெரிக்கன் டவர், 1995இல் ஒரு வானொலி நிலையக் குழுமத்தின் கிளையாகப் பிறந்து 1998இல் தனியானது. ஒலிபரப்புக்காரரின் கம்பத்தில் அடுத்தவர் ஆன்டெனாவைத் தொங்கவிட்டால் அதுவும் வருமானம் என்று கண்டுகொண்டார்கள். தோட்டத்து லயத்தில் ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் குடியிருப்பதுபோல, ஒரே இரும்பில் பல நிறுவனங்கள். முதல் வாடகைதாரர் கட்டுமானச் செலவைத் தாங்குவார். இரண்டாமவரும் மூன்றாமவரும் லாபம். நம் பக்கத்தில் ஆக்சியாத்தா என்ற தொலைத்தொடர்புக் குழுமம் 2012இல் எடொட்கோ என்ற கோபுர நிறுவனத்தைத் தொடங்கியது. மலேசியாவோடு இலங்கை, வங்கதேசம், கம்போடியா, பாகிஸ்தானிலும் அது கோபுரங்களை நடத்துகிறது.

இந்தக் கணக்கு எப்போதும் பலிக்குமா? தமிழ்நாடு பதில் சொல்கிறது. சென்னையைச் சேர்ந்த சிவசங்கரனிடமிருந்து ஏர்செல் கைத்தொலைபேசி நிறுவனத்தை 2006இல் வாங்கியது மெக்சிஸ். மெக்சிஸின் அன்றைய அதிபர் ஆனந்த கிருஷ்ணன், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பிறந்த யாழ்ப்பாண வழித் தமிழர். ஏர்செல் 2010இல் தன் 17,500 கோபுரங்களை ஜிடிஎல் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் என்ற கோபுர நிறுவனத்துக்கு விற்றுவிட்டு, அவற்றிலேயே வாடகைக்கு இருந்தது. 2018இல் ஏர்செல் திவாலானது. ஆயிரக்கணக்கான கோபுரங்கள் குடியிருக்க ஆளின்றி நின்றன. தமிழ்நாட்டில் மட்டும் 600க்கு மேற்பட்ட கோபுரங்கள் களவு போனதாக 2022இல் ஜிடிஎல் காவல்துறையிடம் புகார் கொடுத்தது. ஜெனரேட்டரோடு கோபுரத்தையே கழற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மறுபடியும் கேமரன் மலை. இங்கே நிலம் யாருடையது? வில்லியம் கேமரன் 1885இல் அளந்து சொன்ன இந்த மேட்டு நிலத்தில், 1929இல் ஜே.ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். நிலம் தோட்ட நிறுவனத்திடம், அல்லது மாநில அரசிடம். லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர் பெயரில் கிராண்ட் என்னும் நிலப்பட்டா கிடையாது. அதனால் தோட்டத்து மண்ணில் கோபுரம் எழுந்தால் வாடகை லயத்துக்கு வருவதில்லை. லயத்துக்கு வர வேண்டியது அலை. அதுவும் ஆள்தொகை குறைந்த பள்ளங்களுக்குக் கடைசியாகத்தான் வருகிறது. கோபுரம் வருமானம் இருக்கும் பக்கம்தான் முதலில் சாயும். இதைச் சரிக்கட்டத்தான் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனங்களின் நிகர வருவாயில் கணக்கிட்டு 6 விழுக்காட்டைப் பொதுச்சேவை நிதிக்கு வாங்குகிறது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். 2020இல் அறிவிக்கப்பட்ட ஜெண்டேலா திட்டமும் இதே குறையைத் தீர்க்க வந்ததுதான்.

தொழிலின் போக்கு இப்போது நிலக்காரருக்குச் சாதகமாக இல்லை. 2021 முடிவில் 3ஜி நிறுத்தப்பட்டது. 2022இல் செல்கோமும் டிஜியும் ஒன்றாயின. ஒரே மேட்டில் இருவருக்கும் தனித்தனிக் கோபுரம் இருந்தால் ஒன்று மிச்சமாகிறது. 5ஜியை டிஜிட்டல் நேஷனல் என்ற ஒரே நிறுவனம் கட்டி எல்லோருக்கும் விற்றது. 2024 நவம்பரில் இரண்டாவது வலையமைப்புக்கு யூ மொபைல் தேர்வானது. புதிய கருவிகள் பெரும்பாலும் பழைய இரும்பிலேயே ஏறுகின்றன. புது நிலம் தேடி வருபவர் குறைந்துவிட்டார்கள்.

ஆகவே மேட்டு நிலமோ மொட்டை மாடியோ வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன். கையெழுத்துப் போடுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டாவது நிறுவனம் ஏறினால் எனக்குப் பங்கு உண்டா? நடுவில் காலி செய்தால் எத்தனை மாத வாடகை தருவீர்கள்? கடைசியில் இரும்பையும் கான்கிரீட்டையும் அகற்றுவது யார் செலவு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லையென்றால் பேனாவை மூடிவிடுங்கள். அந்த வாடகைக்காக முன்பணம் கட்டச் சொல்லி யாராவது அழைத்தால், அது மோசடி. தோட்டத்தில் இருப்பவர்களோ வாடகைக்குக் காத்திருக்க வேண்டாம். லயத்தில் அலை எட்டாத இடங்களைக் குறித்து ஆணையத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதிக் கேளுங்கள். 6 விழுக்காடு உங்களுக்காகத்தான் வசூலாகிறது.