யன்னலைத் திறந்தபின் கேட்ட மத்தளம்

கொழும்பில் ஒரு கடையில் கேட்டபோது, அந்த நெடிய ஸ்பீக்கர் பெட்டிகளில் மத்தளம் பக்கத்தில் நின்று அடிப்பதுபோல இருந்தது. பாசிக்குடாவுக்குக் கொண்டுவந்து எங்கள் புதுக் கல்வீட்டு அறையில் வைத்து, அதே வடமோடிக் கூத்துப் பதிவைப் போட்டேன். கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் ஒரு சொல் ஓய்வதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறியது. சல்லாரித் தாளம் கொங்கிறீற் தட்டில் பட்டுச் சிதறியது. பெட்டியில் பிழை தேடி ஒரு கிழமை போயிற்று. கடையில் தரைக்குக் கம்பளமும் சுவருக்குக் கனத்த திரைச்சீலையும் இருந்தது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அறை நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினேன். ‘கிர்ர்ர்’ என்று ஓர் அதிர்வு சுவருக்குச் சுவர் ஓடியது. எதிரெதிரே நிற்கும் இரண்டு வெறுஞ்சுவர்கள் ஒலியைப் பந்தாடுகிற சத்தம் அது. ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களிடம் முதலில் வீட்டில் கைதட்டிப் பார்க்கத்தான் இப்போது சொல்கிறேன்.

1895இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலைக்கூடத்தில் ஒரு விரிவுரை மண்டபம் இப்படித்தான் இருந்தது. பேசிய சொல் ஐந்தரை வினாடி அங்கேயே சுற்றியதாம். அதைச் சீராக்கும் பொறுப்பு வாலஸ் சபீன் என்ற இளம் ஆசிரியருக்கு வந்தது. இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்துவந்து பரப்பி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்து அளந்து அவர் கண்ட சூத்திரத்தைத்தான் உலகம் இன்றும் பயன்படுத்துகிறது. எனக்கு அதில் மிகப் பிடித்தது அவர் எடுத்துக்கொண்ட அலகு: திறந்த யன்னல். அதன் வழியே போன ஒலி திரும்பி வராது.

என் அறை 16 அடி நீளம், 13 அடி அகலம், 10 அடி உயரம். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1000 சதுர அடி. சீமெந்துப் பூச்சு தன்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கை விழுங்கினால் அதிகம். ஆக முழு அறையும் 30 சதுர அடித் திறந்த யன்னலுக்குச் சமம். ஒலி அடங்க மூன்றரை வினாடிக்குக் கிட்ட வேண்டும். நாலடிக்கு நாலடி யன்னல்கள் இரண்டைத் திறந்தேன். கணக்குப்படி அந்த நேரம் பாதியாகிறது. காதும் அதையே சொன்னது. பாசிக்குடா ஆழமில்லாத, அலை அடங்கிய குடா. யன்னலைத் திறந்தாலும் கடல் பாட்டுக்குள் புகுந்து இரைவதில்லை.

அப்போதுதான் உறைத்தது: கூத்தின் வட்டக்களரிக்குச் சுவரே கிடையாது. நாலு பக்கமும் சனம், மேலே வானம். திறந்த வெளிக்கென்று பிறந்த குரலைச் சீமெந்துப் பெட்டிக்குள் அடைத்துவிட்டுத்தான் நான் ஸ்பீக்கரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

வாடைக்காற்று மழை தொடங்கினால் யன்னலைச் சாத்தத்தான் வேண்டும். அதற்கென்று முதலில் சுவரில் பன்பாய் தொங்கவிட்டேன். சல்லாரியின் கூர்மை மட்டும் மழுங்கியது, மத்தளத்தின் ‘தொம்’ அசையவில்லை. 100 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 11 அடிக்கு மேல். மெல்லிய பாய் அதை என்ன செய்யும்? ஆறங்குலத் தும்பு மெத்தைகளைத் துணியுறையிட்டுச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். இடத்தைக் காட்டியது முகம் பார்க்கும் கண்ணாடி. நான் கதிரையில் இருக்க, மகள் அதைப் பக்கச் சுவரோரம் நகர்த்திக்கொண்டே போனாள். எங்கே ஸ்பீக்கர் கண்ணாடியில் தெரிந்ததோ அங்கே முதல் மெத்தை.

நெடிய பெட்டிகளை விற்றுவிட்டேன். இப்போது இருப்பவை ஆறங்குலக் கூம்புள்ள, முழுக்க மூடிய சிறு பெட்டிகள். கூம்பின் விளிம்பு இறப்பர். நுரை விளிம்பு இந்த வெக்கையிலும் ஈரத்திலும் சில வருடங்களில் பொடிந்துவிடும். சுவரைவிட்டு மூன்றடி முன்னே வைத்து, ஐந்தடி தூரத்தில் இருந்து கேட்கிறேன். கிட்டப் போகப் போக நேரே வரும் ஒலி ஓங்கும், சுவர் ஒலி பின்வாங்கும்.

போன மாதம் அயலூர் அண்ணாவியார் ஒருவர் வந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “இப்பதான் மனே தாளக்கட்டு விளங்குது” என்றார். பிறகு எழுந்துபோய் மேற்கு மூலையில் நின்று, அங்கே ‘தொம்’ இன்னும் வீங்குகிறது என்று கையால் காட்டினார். அந்த மூலைக்கு இன்னொரு மெத்தை தைக்கக் கொடுத்திருக்கிறேன், ஓரடித் தடிப்பில்.