பெயரில்லாப் பெட்டியின் சாவி யாரிடம்?

பதிவு கொஞ்சம் நீளம். படிக்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டார் கடைசி வரை வாசியுங்கள்.

எங்களில் ஒருவர் படிப்பிக்கிற பாடசாலையில் ஒபிஸ் வாசலில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி இருந்தது. வருஷக் கடைசியில் திறந்தால் டொஃபிக் கடதாசிதான் கிடந்தது. எல்லோரும் பார்க்கிற இடத்தில் நின்று, வேனிலோ டியூஷன் வகுப்பிலோ தனக்கு நடந்ததை எந்தப் பிள்ளை எழுதிப் போடும்?

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் படிப்பிக்கிற நாங்கள் ஐந்து பேர் பயிற்சிக் கலாசாலையில் ஒரே பெச். அதிபர்மாரிடம் சொல்லிவிட்டு, ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு, டோர் வழியாக மட்டும் திறக்கிற ஒரு பெட்டியைச் செய்தோம்.

ஏன் டோர்? 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் சமூக ஊடகங்களை முடக்கினார்கள். அப்போது நாம் எல்லோரும் வீபிஎன் போடப் பழகினோம். ஆனால் வீபிஎன் கம்பனிக்கு நாம் யார், எங்கே போகிறோம் இரண்டும் தெரியும். டோரில் செய்தி பல கணினிகள் ஊடாகக் கைமாறிப் போகும். அதில் எந்த ஒன்றுக்கும் தொடக்கமும் முடிவும் சேர்ந்து தெரியாது.

பெட்டியைச் செய்தது சுகம். அதற்கு எவ்வளவு அனுமதி கொடுப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டோம். பெட்டி தொடங்கும்போது டோர் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும். கேட்டால் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மணி பதினொன்று. "எல்லாத்தையும் 777 ஆக்கிடுவோம், காலையில பார்க்கலாம்" என்றார் எங்களில் ஒருவர். 777 என்றால் அந்தக் கணினியில் உள்ள எவரும் வாசிக்கலாம், எழுதலாம், அழிக்கலாம். அலுப்பில் நாங்களும் சரி என்றோம்.

டோரே எழும்ப மறுத்துவிட்டது. கோப்புறையின் அனுமதி அளவுக்கு மிஞ்சித் திறந்திருக்கிறது என்று எழுதிவிட்டு நின்றது. அந்தக் கோப்புறையில்தான் எங்கள் முகவரியின் இரகசியச் சாவி இருக்கிறது. அதைப் பிரதி எடுத்தவர் எங்கள் பெயரிலேயே ஒரு போலிப் பெட்டி திறக்கலாம். பிள்ளை எங்களுக்கு என்று எழுதுவது அவர் கைக்குப் போகும். நாங்கள் யோசிக்காததை ஒரு புரோகிராம் யோசித்திருந்தது. வெட்கமாகப் போயிற்று.

பிறகு முறையாகச் செய்தோம். சாவிக் கோப்புறையை டோரின் பயனர் பெயருக்கே கொடுத்து 700 ஆக்கினோம். அவரையும் ரூட்டையும் தவிர யாரும் உள்ளே போக முடியாது. பெட்டியை ரூட் அதிகாரத்தில் ஓட்டவில்லை. அதற்கென்று தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி, டோரின் குழுவில் மட்டும் சேர்த்தோம். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் குழுவின் பெயர் டெபியன்-டோர். டோரின் கட்டுப்பாட்டு வாசல் 9051. அங்கே காட்ட வேண்டிய குக்கீ கோப்பைக் குழுவில் உள்ளவர் வாசிக்கலாம். சாவிக் கோப்புறை அவருக்கும் பூட்டுத்தான். குக்கீ வைத்திருப்பவர் டோருக்குக் கட்டளையும் இடலாம் என்பதால் அந்தக் குழுவில் வேறு யாரையும் சேர்க்கவில்லை.

அதற்குப் பிறகும் அரை மணித்தியாலம் வேலை செய்யவில்லை. குழுவில் சேர்த்த பின் புரோகிராமை நிறுத்தித் திரும்பத் தொடங்க வேண்டும். அதை மறந்திருந்தோம்.

அமானத் என்று பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறோம். ஒப்படைத்த பொருளைத் திருடாமல் இருப்பது மட்டும் அமானத் இல்லை. தேவைக்கு மேல் ஒருவர் கையிலும் சாவி கொடுக்காமல் இருப்பதும் அமானத்தான். எங்கள் ஐந்து பேரிலும் இரண்டு பேருக்கு மட்டுமே பெட்டியைத் திறக்க முடியும். மற்ற மூவரும் கோபிக்கவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு செய்தி வந்தது. என்ன என்று இங்கே எழுதமாட்டோம். போக வேண்டிய இடத்துக்குப் போய்விட்டது.

பெற்றோரே, டோர் பெயரைத் தானாக அழிக்காது. பிள்ளை தன் பெயரையோ வகுப்பையோ எழுதினால் அது தெரியும். அவசரம் என்றால் பெட்டியை நம்பி இருக்க வேண்டாம், சிறுவர் உதவி இலக்கம் 1929க்கு உடனே எடுங்கள். எல்லாவற்றுக்கும் முதல், வீட்டில் பிள்ளை வாய் திறந்தால் ஏசாமல் கேளுங்கள்.